வேதியர் வாய்மொழியும் தேற்றரவு உரைநடையும்

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் 16, 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த கிறித்தவ நூல்களுக்கெனத் தனியே ஓர் இயல் ஒதுக்குவது மரபாயிற்று. அவ்வியலிலே முதல் அச்சு நூல் யாது, அதனை அச்சிட்ட ஊர் எது, சமயச் சொற்போர் நூல்கள் எவை, அகராதியும் இலக்கணமும் கண்டோர் யாவர் என்னும் செய்திகள் நிரம்பக் கூறப்படுகின்றன. அவை வேண்டுவனவே. ஆயினும், அந்நூல்களை யார் எடுத்துப் படித்தனர், யார் கேட்டனர், எந்நாளில் எவ்விடத்துப் படிக்கப்பெற்றன என்னும் வினாவை எழுப்பியோர் மிகச் சிலர். அவ்வினாவை எழுப்பினாலன்றி அந்நூல்களின் நடை அவ்வாறு அமைந்ததன் காரணம் விளங்காது என்பது எம் கருத்து. நாள்தோறும் நம்பிக்கை தளராது வாழ்வதற்கு வேண்டிய ஊக்கமொழி அக்காலத் தமிழ்க் கிறித்தவர்க்குக் குருமார் வாயிலாக வந்ததினும், கணக்கப்பிள்ளை, வேதியர், உபதேசியார், மூப்பர், அண்ணாவியார் எனப் பல பெயர் பெற்ற இல்லறத்தார் வாயிலாக வந்ததே மிகுதி. அவர்தம் வாய்க்கென எழுதப்பட்டமையாலேயே அவ்வுரைநடை செவிக்குரிய நடையாயிற்று. இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஒரு சொல்லை நோக்குவோம். ஊக்குதல், உறுதிப்படுத்துதல், ஆறுதல் கூறுதல் என்னும் பொருள்கள் ஒருங்கு அமையத் தமிழ்க் கிறித்தவர் ஆண்ட சொற்களுள் தேற்றரவு என்பது ஒன்று. சீர்திருத்தச் சபையாரின் திருமறை மொழிபெயர்ப்பிலே தூய ஆவியைக் குறிக்கத் தேற்றரவாளன் என்னும் பெயர் வழங்குகின்றது. தேறு, தேற்று என்னும் வினையடிகள் தெளிதலையும் தெளிவித்தலையும் முதற்பொருளாக உடையன. ஏகாரத்தின் பொருள்களுள் தேற்றத்தை ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார். ஆண்டுத் தேற்றம் என்பது ஐயமின்மை. கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் கொட்டைக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர். ஆகவே துயருற்றானைத் தேற்றுதல் என்பது அவன் கண்ணீரைத் துடைத்தல் மட்டுமன்று. கலங்கிய அறிவைத் தெளிவித்தலும் ஆம். கத்தோலிக்கர் தம் திருச்சடங்குகளுள் ஒன்றனுக்கு உறுதிப்பூசுதல் எனப் பெயரிட்டு வழங்கியதும் இத்தொடர்பில் நினைக்கத்தக்கது. மேலைமொழிச் சொற்களுக்கு ஈடு தேடியோர் தமிழின் உள்ளிருந்தே பொருத்தமான சொல்லை எடுத்த இடங்கள் இவை. எடுக்கத் தவறிய இடங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றனைப் பின்னர்க் காண்பாம்.

முத்துக்குளித்துறையிலே பரதவர் பெருந்தொகையினராய்த் திருமுழுக்குப் பெற்றது 1535-ஆம் ஆண்டினை அடுத்த சில ஆண்டுகளிலாகும். கடலிலே முத்துக்குளிக்கும் உரிமை பற்றிய பூசலும், அதன்கண் போர்த்துக்கீசியரது காவலை வேண்டியமையும் அதற்குக் காரணமாயின என்பது வரலாற்றாசிரியர் நன்கறிந்த செய்தி. திருமுழுக்கு நிகழ்ந்தது, கற்பிப்பார் இலர். புனித பிரான்சிசு சவேரியார் 1542-இன் இறுதியில் அக்கரையை அடைந்தபோது, கிறித்தவர் என்னும் பெயரன்றி வேறு யாதும் அறியாத மக்களையே கண்டார். அவருக்கோ தமிழ் தெரியாது. அறிந்தோர் சிலரை ஒருங்கு கூட்டி, நம்பிக்கை அறிக்கையையும் அன்றாட மன்றாட்டுகளையும் பெருமுயற்சியுடன் தமிழாக்குவித்து, தாம் அவற்றை நெட்டுருச் செய்தார். பின்னர்க் கையிலே மணியேந்தித் தெருத்தெருவாகச் சென்று சிறுவரை அழைத்துக் கற்பித்தார்.

இதன் பின் அவர் செய்த ஏற்பாடே எம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. 1544-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கொச்சியிலிருந்து அவர் வரைந்த மடல் அதனை விளக்குகின்றது. கற்ற சிறுவர் தம் பெற்றோர்க்கும் அண்டை வீட்டார்க்கும் கற்பித்தல் வேண்டும்; நோயுற்றார் இல்லங்களுக்குச் சிறுவரே சென்று மன்றாட்டுகளை ஓதுதல் வேண்டும்; ஒவ்வோர் ஊரிலும் மன்றாட்டுகளின் எழுத்துப்படி ஒன்று வைக்கப்பெறும்; எழுதவல்லார் அதனைப் பெயர்த்தெழுதி மனப்பாடம் செய்து நாள்தோறும் ஓதுதல் வேண்டும்; ஞாயிறுதோறும் யாவரும் கூடுதல் வேண்டும். இவற்றைப் பார்த்துக்கொள்ள ஊர்தோறும் ஓர் ஆள். அவருக்குக் கணக்கப்பிள்ளை என்று பெயர். போர்த்துக்கீசிய மடல்களிலும் அச்சொல் சிறிது திரிந்த வடிவிலே வழங்குவது காண்கின்றோம். ஊர்க் கணக்கு எழுதுவாரைக் குறித்த சொல்லே சமயம் கற்பிப்பாருக்கும் ஆகிவந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதே அவர்க்குரிய முதற் தகுதியாதலின் இஃது இயல்பே.

அவ்வாண்டிலேயே தம் துணைவராகிய பிரான்சிசுகோ மன்சிலாசு என்பாருக்குச் சவேரியார் எழுதிய குறுமடல்கள் பல எஞ்சியுள்ளன. பெரிய கொள்கை விளக்கம் எதனையும் அவற்றிலே காணோம். மக்கள்பால் பொறுமை கொள்க, தீய பிள்ளைகளிடத்து நல்ல தந்தை ஒழுகுமாறு ஒழுகுக, ஊர் ஊராகச் செல்க, சிறுவரை மறவற்க என்னும் அன்றாட அறிவுரைகளே நிரம்பியுள்ளன. 1544-இன் இடைப்பகுதியில் வடுகர் படையெடுப்பால் கரையோர மக்கள் குமரிமுனைப் பாறைகளுக்கு ஓடி ஒளிந்தபோது, தோணிகளில் உணவேற்றிச் செல்ல முனைந்த செய்தியும் அவற்றில் உண்டு. இவற்றோடு, சாராயம் அருந்தும் மகளிரைச் சிறையிடுமாறு பணித்த செய்தியும் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. ஊக்குதலும் ஒறுத்தலும் ஒரே கையினின்றே வந்தன. அக்காலத்துச் சமயப் பணியை முழுதும் இனிமையாக வரைவோர் இம்மடல்களை மீண்டும் படித்தல் நன்று.

இனி, மேலே சுட்டிய தவறிய இடம். நம்பிக்கை அறிக்கையின் தொடக்கத்து நம்புகின்றேன் என்னும் பொருள்தரும் சொல்லை முதன்முதல் தமிழாக்கியோர் வேணும் என்று ஆக்கிவிட்டனர். விரும்புதலைக் குறிக்கும் அச்சொல் பொருந்தாது என்பதைச் சவேரியார் விரைவில் அறிந்து, அதனை நீக்கி விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை வைக்குமாறு மன்சிலாசுக்கு எழுதினார். இதனை மொழிபெயர்ப்புப் பிழை என்று கூறி நகைத்து அகல்வது எளிது. நாம் அவ்வாறு அகல விரும்பவில்லை. தமிழில் வேண்டுதல் என்பது விரும்புதலையும் இறைவனை இரத்தலையும் ஒருங்கே குறிப்பது. கருத்தளவான ஒப்புதலைக் கூறும் சொல் அக்கரையிலே மக்கள் வாயில் வழங்காதிருக்க, அவர்தம் வாயில் நாள்தோறும் பயின்ற சொல்லை மொழிபெயர்ப்போர் கொண்டனர் போலும். திருத்தம் சரியானதே, எனினும் பிழை எத்திசையில் நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது.

சவேரியார் தொடங்கியதை நிலைபெறச் செய்தவர், அண்டிரிக் அடிகளார் எனத் தமிழ் வழக்கில் அறியப்படும் என்றீக்கே என்றீக்கசு (1520-1600). 1546-இல் இந்தியாவுக்கு வந்து, தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அக்கரையிலேயே கழித்தவர் இவர். 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 16 பக்கச் சிறு நூல். 1579-இல் கொச்சியில் அச்சான கிரிசித்தியானி வணக்கம், மார்க்கோசு சோர்சு என்பாரின் போர்த்துக்கீசிய நூலைத் தழுவியது. வினாவும் விடையுமாக அமைந்தது. 1580-இல் பாவசங்கீர்த்தனத்திற்குரிய நூலும், 1586-இல் அடியார் வரலாறு எனப்படும் புளோசு சாங்தோரும் என்னும் பெருநூலும் வெளிவந்தன. இவற்றிற்கு முன்னரே, 1554-இல் இலிசுபன் நகரில் உரோமன் எழுத்திலே தமிழ் மன்றாட்டு நூல் ஒன்று அச்சாகியிருந்தது. ஆயின் அவ்வெழுத்து நம்மவர்க்குப் பயன்படுவதன்று. தமிழ் எழுத்திலே அச்சு வேண்டுமென முத்துக்குளித்துறை மக்கள் தாமே பொருள் உதவினர் என்பது சிறப்பாகக் குறிக்கத்தக்கது. தனிநாயக அடிகள் 1950-களில் இந்நூல்களின்பால் அறிஞர் கருத்தை ஈர்த்தார். 1967-இல் தூத்துக்குடித் தமிழிலக்கியக் கழகத்தின் வாயிலாக இராசமாணிக்க அடிகள் அடியார் வரலாற்றைப் பதிப்பித்தார். அதன் பின்னரே இவ்வுரைநடையை முழுதாகப் பயிலும் வாய்ப்புத் தமிழுலகிற்குக் கிட்டியது.

இந்நான்கு நூல்களையும் வரிசையாக வைத்து நோக்கின், ஓர் எளிய குடும்பத்தின் நாளும் ஆண்டும் அவற்றுள் அடங்குவது புலனாகும். காலையும் மாலையும் ஓதுவதற்கு முதல் நூல். சிறுவரை வினவி விடை பெறுதற்கு இரண்டாம் நூல். ஆண்டுக்கொருமுறை குருவானவர் வரும்போது நெஞ்சை ஆராய்ந்து கொள்ளுதற்கு மூன்றாம் நூல். திருநாள் வரிசையிலே அடியாரின் வாழ்வைக் கேட்பதற்கு நான்காம் நூல். பாவசங்கீர்த்தன நூல் குருமார்க்குரியது மட்டுமே எனக் கொள்வாருளர். வினாக்களை முன்னரே கேட்டுத் தம்மைத் தாம் ஆராயும் பழக்கத்தை அஃது இல்லறத்தாரிடையேயும் வளர்த்திருத்தல் கூடும் என்பதே எம் துணிபு.

எழுத்து முறையும் இதற்குத் துணை நிற்கின்றது. அக்கால ஏடுகளிலே மெய்யெழுத்துப் புள்ளி பெறாது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பெறும். தொடக்க கால அச்சு நூல்களும் பெரும்பாலும் ஏட்டு வழக்கையே பின்பற்றின. அத்தகைய பக்கத்தைப் புதிதாகக் கையிலெடுத்தவன் எழுத்துக் கூட்டியே படித்தல் வேண்டும். முன்னரே செவிவழி மனப்பாடம் செய்தவனோ தடையின்றி ஓதிச் செல்வான். ஆகவே அப்பக்கம் அறியாததை அறிவிப்பதற்கன்று, அறிந்ததை வழுவாது நினைவூட்டுவதற்கே அமைந்தது என்பது தெளிவு.

கரையை விட்டு உள்நாட்டை நோக்குவோம். தத்துவ போதகர் எனப்படும் இராபர்த்து தெ நோபிலி 1606-இல் மதுரையை அடைந்தார். அவர் தொடங்கிய மதுரை மறைப்பணியில் குருமார் தொகை எக்காலத்தும் சிறிதே. ஊர்களோ மிகப் பல. ஒரு சிற்றூர்க்குக் குருவானவர் ஆண்டிற்கு ஒருமுறை வருவதே அரிது. எஞ்சிய நாட்களிலே திருமுழுக்குப் பெறாது இறக்கும் நிலையிலுள்ள குழவிக்கு நீர் வார்ப்பதும், சாவார் பக்கத்திருந்து செபிப்பதும், பூசல் தீர்ப்பதும், சமயம் விட்டுப் பிரிய எண்ணுவாரைப் பேசித் தடுப்பதும் வேதியர் கடனாயின. வேதியர் என்னும் சொல் தமிழிலக்கியத்தில் அந்தணரைக் குறித்து வந்தது. வேதம் என்பதைத் தம் திருமறைக்கு ஆண்ட கிறித்தவர், அதனைக் கற்பிப்பாரை வேதியர் என்றமையால் அச்சொல் உழவருக்கும் உரியதாயிற்று. இப்பொருள் மாற்றத்தைச் சொல்வரலாறு எழுதுவோர் போதிய அளவு கருதவில்லை.

அத்தகையோர்க்கென 1727-இல் வீரமாமுனிவர் இயற்றியதே வேதியரொழுக்கம். அவர்தம் தேம்பாவணியின் புகழ் இந்நூலை மறைத்துவிட்டது. வேதியர் மேற்கொண்ட பணியின் மேன்மை, அதற்கு வேண்டிய பண்புகள், அதில் வழுவுவதால் விளையும் கேடு ஆகியவற்றை விரித்துரைப்பது இந்நூல். நெடுந்தொடர்களாலும், அடுக்கி வரும் உவமைகளாலும், கேட்போரை நேர்நின்று வினவும் வினாக்களாலும் ஆயது இதன் நடை. இதனைப் படிப்பகத்தில் அமர்ந்து வாய் திறவாது படிப்பவர்க்குக் கூறியது கூறலாகத் தோன்றும் இடங்கள் பல. உரக்கப் படித்துப் பார்ப்பின் அவ்விடங்களே கேட்போர் மூச்சு வாங்கவும், முன்னர்க் கேட்டதை மனத்திருத்தவும் இடந்தருவன என்பது விளங்கும். தொடர் நீண்டதாயினும் அதன் உறுப்புகள் ஒவ்வொன்றும் சிறியன. ஒவ்வோர் உறுப்பின் ஈற்றிலும் குரல் நிற்பதற்கு இடமுண்டு. ஏலாக்குறிச்சியின் முனிவர் செய்யுளை எழுதியது புலவர்க்கு. இவ்வுரைநடையை எழுதியது, வெயிலில் ஊர் ஊராக நடந்து களைத்து வந்த ஒரு கூட்டத்தார்க்கு. ஊக்குவிப்போரை ஊக்குவித்தற்கெனத் தமிழில் எழுந்த முழு உரைநடை நூல் இதனின் முற்பட்டது ஒன்று உண்டெனின், அதனை யாம் கண்டிலேம்.

ஈண்டு ஒரு குறையையும் கூறியாதல் வேண்டும். நோபிலியின் வழிவந்த மறைப்பணி சாதி வேறுபாட்டை ஏற்றுக்கொண்டே இயங்கிற்று. 1640-ஐ ஒட்டி, தாழ்த்தப்பட்டோர்க்கும் பிற பொதுமக்களுக்கும் எனப் பண்டாரசுவாமிகள் என்னும் தனிக் குருமார் வகுக்கப்பட்டனர். வேதியரும் தத்தம் குலத்தாரிடையே பணிசெய்யலாயினர். தேற்றுமொழி உறவுமுறையின் வழியே பரவியமையால் விரைந்து பரவிற்று. அவ்வுறவின் எல்லையிலேயே நின்றும் விட்டது. பொறுமையை உயர்த்திக் கூறும் மொழி, பொறுக்கலாகாத ஒன்றனையும் பொறுக்கும்படி கற்பித்த இடங்கள் உண்டு என்பதில் ஐயமில்லை.

தரங்கம்பாடியைப் பற்றிச் சில சொற்களே இங்குப் போதும். 1706-இல் வந்த சீகன்பால்கு ஐயரும் அவர் வழியினரும் அச்சையும் பள்ளியையும் முதன்மையாகக் கொண்டனர். 1714-இல் அங்கு அச்சான நற்செய்தி நூல்களையும் திருத்தூதர் பணிகளையும் கையிற் பெற்றுப் படித்த இராசநாயக்கன் என்னும் தஞ்சைப் படைவீரர், கத்தோலிக்கராயிருந்து அச்சபையிற் சேர்ந்து உபதேசியாராகப் பணியாற்றினார். 1733-இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றார். தனித்திருந்து நூலைப் படித்து உள்ளம் மாறுதல் என்பது புதிய வகை. ஆயினும் அவ்வாறு மாறியவர் செய்ததும் ஊர் ஊராகச் சென்று பிறர்க்குப் படித்துக் காட்டியதே ஆகலின், செவிவழி மரபு அங்கும் அறுபடவில்லை.

குருமார் குறைந்த காலத்தில் நிகழ்ந்ததைக் கண்டோம். குருமார் முற்றிலும் இல்லாத காலத்தில் நிகழ்ந்ததை ஈழத்திலே காணலாம். 1658-இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பட்டது. கத்தோலிக்கக் குருவுக்கு இடங்கொடுப்போர்க்குச் சாத்தண்டம் என அவ்வாண்டிலேயே ஆணை பிறந்தது. 1687-இல் புனித யோசேப்பு வாசு அடிகள் (1651-1711) கூலியாள் கோலத்தில் வந்து சேரும்வரை, ஏறத்தாழ 29 ஆண்டுகள் அந்நாட்டுக் கத்தோலிக்கர் குருவின்றி இருந்தனர். வந்தவர் தம்மைக் குருவெனக் கூறிக்கொள்ளவும் இயலாது. கத்தோலிக்கர் யாரென வினவவும் இயலாது. கழுத்திலே செபமாலையை அணிந்து வீடுதோறும் இரந்து சென்றார். மாலையை நோக்கியோரின் முகக்குறிப்பால் தம்மவரை அறிந்தார். சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று. அவரை ஏற்றோர் ஒரு தலைமுறைக் காலம் குருவைக் காணாதோர். எனினும் செபமாலையின் பொருள் அவர்க்குத் தெரிந்திருந்தது. வெளியே ஒல்லாந்தரது கோயிலுக்குச் சென்று பெயர் பதிந்தும், இரவிலே இல்லத்திற் கூடி ஓதியும் வந்தோர் அவருட் பலர். வாசு அடிகள் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் அமர்த்தி அவ்வழக்கத்திற்கு ஒழுங்கு அமைத்தார். இவ்விரு தமிழ்ச் சொற்களும் சிங்களக் கத்தோலிக்கரிடையேயும் சென்று வழங்கலாயின என்பது, இம்முறை எத்துணை ஆழமாக வேரூன்றிற்று என்பதற்குச் சான்று.

1705-இல் அங்கு வந்த யாக்கோமே கொன்சால்வசு அடிகள் (1676-1742) கொங்கணி பேசும் கோவா நாட்டினர். சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் யாத்தவர். 1737 முதல் கொழும்பில் ஒல்லாந்தர் அச்சகம் இயங்கிற்று. கத்தோலிக்கர்க்கோ அச்சு இல்லை. ஆகவே இவர்தம் நூல்கள் ஏட்டிலே பெயர்த்தெழுதப்பட்டுக் கை மாறிக் கை சென்றன. கைது அஞ்சும் நாட்டில் அச்சு நூலினும் ஏடு பாதுகாப்பானது என்பதையும் நினைத்தல் வேண்டும். வீட்டு ஏடுகளோடு ஏடாக அது கிடக்கும்.

தமிழகத்திலும் இத்தகைய சோதனை பின்னர் நேர்ந்தது. 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1838-ஐ ஒட்டியே அச்சபையார் மதுரை நாட்டிற்கு மீண்டும் வந்தனர். இடைப்பட்ட காலத்தில் புதுவைக் குருமார் சிலரும் கோவாக் குருமார் சிலருமே பரந்த நிலப்பகுதியைக் காத்தனர். 1792 முதல் இந்நாட்டில் வாழ்ந்த துபுவா அடிகள், 1823-இல் வெளியிட்ட மடல்களில், இந்தியாவிலே கிறித்தவம் வளர்வதற்கு இடமில்லை எனவும், உள்ள கிறித்தவரும் பெயரளவினரே எனவும் மனங்கசந்து எழுதினார். அவர் கூற்றைச் சான்றாகக் காட்டுவோர் இன்றும் உளர். நேரிற் கண்டவர் கூற்றாகலின் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் அவர் கையாண்ட அளவுகோல் குருவின் அளவுகோல். திருச்சடங்குகளைப் பெற்றோர் எத்தனை பேர், கொள்கையை விளக்கவல்லார் எத்தனை பேர் என்பதை அஃது அளக்கும். இரவிலே ஒரு குடிசைத் திண்ணையில் மனப்பாடமாக ஓதுவாரை அளக்க அதனால் இயலாது. 1838-க்குப் பின் வந்தோர் முற்றும் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்ததில்லை. ஊர்களிலே கோயில்களும் வேதியரும் செபங்களும் இருந்தமையை அவர்கள் கண்டனர். துபுவா அடிகளின் கணிப்பு இவ்வகையிற் பிழைபட்டது என்றே நாம் கொள்கின்றோம்.

இவ்வுரைநடை நூல்களைக் கொச்சை என்றும், வடசொல்லும் போர்த்துக்கீசியச் சொல்லும் விரவியவை என்றும் பழிப்பார் உளர். விரவியது உண்மையே. திருச்சடங்குகளுக்குத் தேவத்திரவிய அநுமானம் என்று பெயரிட்டதைப் போற்றுவார் இக்காலத்து அரியர். ஆயினும் இலக்கண வழு ஒன்றையே நோக்கி இந்நூல்களை மதிப்பிடுவது, ஏற்றப்பாட்டைத் தளைதட்டுகிறது என்று ஒதுக்குவதைப் போன்றது. ஏவல் வினைகள் அடுத்தடுத்து வருதல், ஒரே விளி மீண்டும் மீண்டும் வருதல், ஒரு பொருளை இருமொழிச் சொற்களால் இரட்டித்துக் கூறுதல் ஆகியவை எழுதுவாரின் வறுமையால் நேர்ந்தனவல்ல. கூட்டத்தில் ஒருவர் படிக்க, எழுத்தறியாத பலர் கேட்டு, அவருட் சிலர் மறுநாள் தம் வீட்டில் நினைவிலிருந்து கூறவேண்டியிருந்த நிலைமைக்கு அவை ஏற்றன. பதிப்பாசிரியர்கள் இரட்டிப்புகளை மிகையெனக் களைந்தும், நீண்ட தொடரை இக்கால முறையில் துண்டித்தும் வெளியிடுவரேல், படிப்போர் குரல் நின்ற இடங்கள் யாவை என்பதை அறிய நமக்கு வழியில்லாது போகும். மூல ஏட்டின் நிறுத்தக் கோடுகளையும் சுழிகளையும் உள்ளவாறே குறித்தல் வேண்டும் என்று முதுகலை மாணவர்க்குச் சிறப்பாக வற்புறுத்துகின்றோம்.

அக்குரலை இன்றும் கேட்கலாகும் இடம் ஒன்றுண்டு. கொன்சால்வசு அடிகளின் வியாகுலப் பிரசங்கம் ஈழத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் கோயில்களிலே தவக்காலத்தில் இசையோடு படிக்கப்பெற்று வருகின்றது. உரைநடையே, ஆயினும் அதனைப் பேச்சுக் குரலிற் படிப்பதில்லை, ஒப்பாரியை ஒத்த இராகத்தில் இழுத்துப் படிப்பர். முற்றுப்பெறாத தொடர் ஒவ்வொன்றும் எந்த உறுப்பில் தாழ்ந்து எந்த உறுப்பில் எழவேண்டும் என்பதை மூத்தோரிடம் கேட்டே இளையோர் பயில்கின்றனர்.